மூன்றின் மீது மழை பெய்ததா?

திங்கட்கிழமை காலை, கட்டுகஸ்தோட்டை வீதியில் ஒரு புடவைக் கடைக்கு மேலே, மூன்றாம் மாடி அறையில் இருந்தவர்கள்:

ஸ்ரீதரன். வயது முப்பத்தாறு. புரோகிராம் எழுதுபவன்.

ஹில்மி. அவனும் அதே வேலை. மனைவி ஜஹானாவுக்கு ஏழாம் மாதம் என்பதால் தினமும் மூன்று மணிக்கே கிளம்பிவிடுவான். ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

ஜனார்த்தனன். கிளைக்குப் பொறுப்பானவர். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு வந்து பதினெட்டு வருடமாகியும் ஸ்வெற்றரைக் கழற்றாதவர்.

மூன்று. ஓர் எண். அந்த வாரம் அதிகம் அடிபட்டது இதுதான்.

கதவு. ஈரத்தில் ஊதிப்போன பலகை. இழுத்து, கொஞ்சம் தூக்கி, பிறகுதான் சாவியைத் திருப்ப வேண்டும்.

இல்லாதவள் ஒருத்தி: சிந்துஜா. அவளும் அதே வேலை. தெல்தோட்டையிலிருந்து பஸ்ஸில் வருபவள். வேறொரு தோட்டத்தில் கட்டிக்கொடுத்த அக்காவுக்கு உடம்புக்கு முடியவில்லை என்று புதன் வரை லீவு.

"ஸ்ரீ, இதைப் பாரும்," என்று ஜனார்த்தனன் ஸ்ரீதரனின் மேசையில் ஒரு கட்டுத் தாளைப் போட்டார்.

மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் கொழுந்துப் புத்தகம். இரண்டு வருடத்துக்கு உரியது. எட்டாயிரத்துச் சொச்சம் வரிகள். ஒவ்வொரு வரியிலும் தேதி, மழை உண்டா இல்லையா, கொழுந்தெடுத்த பெண்ணின் இலக்கம், சாக்கோடு மொத்த நிறை, கடைசியில் கழிவு. சாக்கின் பாரத்துக்கும் இலையின் ஈரத்துக்கும் கழிப்பது. சில வரியில் இரண்டு கிலோ. சிலதில் மூன்று. சிலதில் ஒன்றரை.

"எந்தக் கணக்கில கழிக்கினம்?" என்று ஸ்ரீதரன் அவர் பாணியிலேயே கேட்டான்.

"நக்கலடியாதையும். பக்டரி மனேஜர் துரையிட்ட கேட்டனான். விஞ்ஞான முறையாம். புத்தகத்தில இருக்காம்."

"அவருக்குத் தெரியுமாமா?"

"அவர் அந்தப் பக்டரிக்கு வந்து ஆறு மாசம். அதுக்கு முதல் பிஸ்கட் பக்டரி. மலைப்பக்கம் ஏறினதே இல்லையாம். ஆனா ஒண்டு சொல்லிப்போட்டார். நாங்கள் செய்து குடுக்கிற நிறுவை மிசின் சொல்லுற கழிவும் புத்தகத்தில இருக்கிற கழிவும் ஒரு கிராம் பிசகப்படாது. வெள்ளிக்கிழமை வந்து பாப்பார். பிசகினா வேலை கொழும்புக் கிளைக்கு. நீரும் வேலையோட சேர்ந்து கொழும்புக்கு."

ஸ்ரீதரனுக்குக் கொழும்பு என்றால் வெள்ளவத்தையில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. எட்டு மாதம் இருந்துவிட்டு ஓடி வந்தவன். அதைவிட, மனைவி பரிமளத்துக்கு ஆறு வருட அலைச்சலுக்குப் பிறகு இப்போதுதான் பிலிமத்தலாவைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் கிடைத்திருந்தது. மதியம் போனில் விஷயத்தைச் சொன்னபோது அவள் நீட்டி முழக்கவில்லை.

"கொழும்புன்னா நீங்க மட்டும் போங்க. அலுமாரிய நான் வச்சுக்கிறேன்."

அலுமாரிக்காகவாவது இதை முடிக்க வேண்டும் என்று ஸ்ரீதரன் வெள்ளைப் பலகைக்கு முன்னால் போய் நின்றான்.

புத்தகத்தில் ஒளிந்திருக்கும் கணக்கைக் கண்டுபிடித்து மிஷினுக்குச் சொல்லித்தர வேண்டும். கணக்கு என்றால் எண்கள், கூட்டல், கழித்தல், பெருக்கல், 'இப்படியானால் அப்படி' என்ற நிபந்தனை. பள்ளிக்கூடக் கணிதப் புத்தகத்தில் இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு பெயர் உண்டு: கோவை. ஸ்ரீதரன் பலகையின் உச்சியில் 'கோவை' என்று எழுதிக் கட்டம் போட்டான். புரோகிராம் மொழியில் அதுதான் தாய் வகுப்பு. கீழே எண், கூட்டல், கழித்தல் என்று பிள்ளைகள்.

இந்தத் தாய் விசித்திரமானவள். தானாக ஒரு வேலையும் செய்யமாட்டாள். பிள்ளைகள் என்னென்ன செய்தாக வேண்டும் என்று சட்டம் மட்டும் போடுவாள். சட்டத்தில் ஒன்றையாவது நிறைவேற்றாத பிள்ளை பிறக்கவே முடியாது.

திங்கள் மாலை சட்டம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது: 'உன் மதிப்பைச் சொல்.' மூன்றிடம் கேட்டால் மூன்று என்றது. கூட்டலிடம் கேட்டால், தன் இரண்டு பிள்ளைகளிடம் கேட்டுக் கூட்டிச் சொன்னது. எல்லாம் ஒழுங்கு. மூவாயிரம் வரிகள் மட்டும் பொருந்தவில்லை.

அத்தோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். அவன் போகவில்லை.

"மச்சான், மழை நாள்ல கழிவு கூட ஈக்கி," என்று செவ்வாய்க்கிழமை காலை ஹில்மி திரையைக் காட்டினான். "மழைய சேரு."

"எங்க சேக்கிறது?"

"உம்மாட்டயே சேரு. எல்லாருக்கும் போகும்."

தாய் வகுப்பில் இரண்டாவது சட்டம் வந்தது: 'உன் மீது மழை பெய்ததா, சொல்.' தாய் சொன்னால் எல்லாப் பிள்ளைகளும் பதில் சொல்லியாக வேண்டும். எண்ணும் சொல்லியாக வேண்டும்.

ஸ்ரீதரன் நாற்காலியில் சாய்ந்தான். மூன்றின் மீது மழை பெய்ததா?

"இல்லைன்னு போடுவோம்," என்றான்.

மூன்று 'இல்லை' என்றது. எந்தக் கோவையைப் பிரித்தாலும் அடியில் எண்கள்தான் இருக்கும் என்பதால், எல்லா எண்களும் 'இல்லை' என்றன. பெரும்பான்மைப்படி மிஷின் தீர்மானித்தது: இரண்டு வருடமாக மலையில் ஒரு சொட்டு மழை இல்லை.

"அப்ப ஆமான்னு போடு," என்றான் ஹில்மி.

இரண்டு வருடமாக மழை நிற்கவே இல்லை. பொருந்தாத வரிகள் மூவாயிரத்திலிருந்து நாலாயிரத்து ஐந்நூறு ஆயின.

"தெரியாதுன்னு போடுறேன்," என்றான் ஸ்ரீதரன்.

மூன்றையும் மூன்றையும் கூட்டினால் 'தெரியாது கிலோ' என்று திரையில் வந்தது. ஹில்மி மணியைப் பார்த்தான். மூன்று மணி. பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டான்.

புதன்கிழமை காலைக்குள் தாய் வகுப்பில் பத்துச் சட்டங்கள். 'உன் அலகைச் சொல்.' 'உனக்குப் பிள்ளைகள் எத்தனை, சொல்.' 'நீ என்ன கிழமை, சொல்.' வெள்ளிக்கிழமைகளில் கழிவு அரைக் கிலோ குறைவாக இருப்பதை ஸ்ரீதரன் கண்டுபிடித்திருந்தான். வெள்ளிக்கிழமை காற்றில் ஈரம் குறைவாக இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டான். இந்தக் கணக்கை வகுத்தவன் லேசுப்பட்ட ஆள் இல்லை என்ற மரியாதையும் அப்போதுதான் வந்தது. காற்றின் ஈரத்தைக் கிழமை வாரியாகப் பார்த்தவன்!

பிள்ளைகள் இதற்குள் பதினாலு பேர். பதினாலு பேரும் பத்துக் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும். பெரும்பாலான பதில்கள் 'பொருந்தாது'. மூன்று என்ற எண் அன்று காலை மட்டும் ஒன்பது முறை 'பொருந்தாது' என்றது.

பத்தரை மணிக்கு ஜனார்த்தனன் ஸ்வெற்றரை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தார்.

"ஸ்ரீ, துரை இப்ப போன் எடுத்தவர். கொழுந்தை நிறுத்தவுடன மிசின் ஒரு சீட்டு அடிக்கவேணுமாம். அதில ஏன் இவ்வளவு கழிச்சது எண்ட காரணமும் இருக்கவேணுமாம்."

"காரணமா?"

"ஓம். ஒவ்வொண்டுக்கும் காரணம். அவருக்கு எல்லாத்துக்கும் காரணம் வேணும்."

பதினோராவது சட்டம்: 'உன் காரணத்தைச் சொல்.'

மூன்றுக்குக் காரணம் என்ன? ஸ்ரீதரன் யோசித்து, 'உன்னை வைத்திருக்கும் கூட்டலிடம் கேட்டுச் சொல்' என்று எழுதினான். கூட்டலுக்கோ, 'உன் பிள்ளைகளிடம் கேட்டுச் சொல்' என்று ஏற்கனவே எழுதியிருந்தான். மூன்று கூட்டலிடம் கேட்டது. கூட்டல் மூன்றிடம் கேட்டது. பிரிண்டர் சீட்டு அடிக்கத் தொடங்கியது.

'கழிவு 3. காரணம்: 3. 3-இன் காரணம்: கூட்டல். கூட்டலின் காரணம்: 3. 3-இன் காரணம்...'

"புடுங்கு மச்சான், வயர புடுங்கு!" என்று ஹில்மி கத்தினான். ஸ்ரீதரன் பிடுங்கினான். அது பிரிண்டரின் வயர் இல்லை, இன்டர்நெட்டின் வயர். பிரிண்டர் நாற்பது தாளைத் துப்பி, தாள் தீர்ந்த பிறகுதான் ஓய்ந்தது. பொருந்தாத வரிகள் ஆறாயிரத்து நூறு.

ஜனார்த்தனன் தரையிலிருந்து ஒரு தாளை எடுத்து, முழுவதையும் பொறுமையாக வாசித்தார்.

"கொழும்பில இப்ப வாடகை என்ன மாதிரி, ஸ்ரீ?" என்றார்.

வியாழக்கிழமை எட்டரைக்கு சிந்துஜா வந்தாள். குடையை மடித்து மூலையில் வைத்தாள். பலகையைப் பார்த்தாள். ஈரக் குடையிலிருந்து தண்ணீர் வடிந்து கதவு வரை ஓடும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அக்காவுக்கு எப்படி?" என்றான் ஸ்ரீதரன்.

"பரவால்லண்ணா. இது எந்தத் தோட்டத்துப் புத்தகம்?"

சொன்னான். அவள் கொழுந்துப் புத்தகத்தை எடுத்துக்கொண்டுபோய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கீழே பஸ்கள் ஹோர்ன் அடித்தன. ஹில்மி மீன் வைத்த மாலு பாண் வாங்கி வந்து நீட்டினான், அவள் எடுக்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து எழுந்து பலகையைத் துடைக்கும் துணியைக் கையில் எடுத்தாள். முதலில் அழித்தது பதினோராவது சட்டத்தை.

"பிள்ளை, அதில கை வையாதையும்," என்று ஜனார்த்தனன் பாய்ந்து வந்தார். "துரை கேட்டது அதுதான்."

"சேர், மூணு ஏன் மூணுன்னு மூணுக்குத் தெரியுமா?"

"தெரியாதுதான், ஆனா..."

"தெரியாதத கேட்டா அது பொய் சொல்லப் பழகும். இங்க நாப்பது பக்கத்துக்குப் பொய் சொல்லியிருக்கு." காலால் தாள் குவியலைக் காட்டினாள். "கோவைன்னா மதிப்பச் சொல்லணும். அவ்வளவுதான். ஏன்னு கேக்கக் கூடாது."

"துரை கேட்டா?"

"சீட்டுல ஒவ்வொரு வகைக்கும் ஒரு பேர் அடிப்போம். ஒரே ஒரு சொல்லு. பேர் இருந்தா பெரிய மனுசங்க காரணம் கேக்க மாட்டாங்க."

பிறகு பத்தாவதை அழித்தாள், ஒன்பதாவதை அழித்தாள். மழையை அழிக்கும்போது ஸ்ரீதரன் வாய் திறந்தான். "மழை வேணுமே?"

"வேணும். ஆனா அம்மாகிட்ட இல்ல. மழைன்னு ஒரு தனிப் பிள்ளைய வைங்க. அது புத்தகத்தப் பாத்து, மழைன்னா ஒண்ணு, இல்லன்னா பூச்சியம்னு தன் மதிப்பச் சொல்லும். மூணுக்கு மழையப் பத்தி என்னண்ணா கவலை?"

பலகையில் கடைசியில் ஒரு சட்டம்தான் மிஞ்சியது. திங்கட்கிழமை ஸ்ரீதரனே எழுதிய அதே சட்டம். 'உன் மதிப்பைச் சொல்.'

பத்து வருடம் இந்தத் தொழிலில் இருந்தவன் ஸ்ரீதரன். வீட்டுக்கு மேல் வீடாகச் சேர்த்துக் கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறான். இடிப்பதற்குத் தைரியம் உள்ள ஆளை இப்போதுதான் பார்த்தான். இனி எந்தப் புதுப் பிள்ளை வந்தாலும் ஒரே கேள்வி, ஒரே பதில். பழைய பிள்ளைகளைத் தொடவே வேண்டாம். மழை வந்தது. வெள்ளிக்கிழமை வந்தது. ஒவ்வொன்றையும் எழுதப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மூன்று வெறும் மூன்றாக, நிம்மதியாக இருந்தது. பன்னிரண்டு மணிக்குப் பொருந்தாத வரிகள் அறுநூற்று நாற்பது மட்டும்.

அவனுக்குப் பொறாமை வரவேண்டும். வரவில்லை. எழுந்துபோய் அவளுக்கு ஒரு பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தான்.

"இந்த மிச்சம் எல்லாம் பூச்சியம் மச்சான்," என்றான் ஹில்மி. "இலக்கம் இருநூத்திப் பதினேழப் பாரு. நாலு மாசம் ஒரு கிராமும் கழிக்கல. பொறவு மூணு மாசம் இலக்கமே இல்ல. திரும்பி வந்ததும் பழையபடி ரெண்டு கிலோ. நூத்தியெம்பத்தெட்டும் அப்பிடித்தான், வேற மாசத்துல. புத்தகத்த எழுதுற கணக்கப்பிள்ளைக்கு ஒரு கோல் அடிச்சுக் கேட்டா முடிஞ்சே?"

"வேணாம்," என்றாள் சிந்துஜா, சட்டென்று. பிறகு மெதுவாக, "மனுசர்கிட்ட கேட்டா ஆளுக்கொண்ணு சொல்லுவாங்க. அது கவ்வாத்து."

"என்ன வாத்து?"

"கவ்வாத்துண்ணா. தேயிலைச் செடிய மட்டமா வெட்டி மறுபடி துளுக்க விடுறது. மலையில ஆளுக்கு ஒரு பங்கு பிரிச்சுக் குடுப்பாங்க. கவ்வாத்து நெருங்கின செடியில இலை பாரம் இருக்காது, கழிக்க மாட்டாங்க. வெட்டினதும் மூணு மாசம் கொழுந்தில்ல, ஆளும் வராது. துளுத்ததும் வருவாங்க."

மூன்று ஆண்களும் தலையாட்டினார்கள். ஹில்மி இரண்டு முறை ஆட்டினான்.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றான் ஸ்ரீதரன்.

"தோட்டத்துல பொறந்தவளுக்கு இது தெரியாதா?"

"சரி, யாருக்கு எப்ப கவ்வாத்து தொடங்குதுன்னு மிஷினுக்கு எப்படித் தெரியும்?"

"கணக்கப்பிள்ளை கையில ஒரு பட்டன் குடுப்போம். இலக்கத்த அடிச்சு அழுத்தினா அன்னைலருந்து கழிவு பூச்சியம். எப்ப அழுத்துறதுன்னு அவருக்குத் தெரியும்."

கவ்வாத்து என்ற பிள்ளையை அவளே எழுதி, பழைய வரிகளுக்குப் பட்டனையும் அவளே அழுத்தினாள். பொருந்தாத வரிகள்: பூச்சியம்.

ஸ்ரீதரன் பரிமளத்துக்குப் போன் எடுத்தான். "அலுமாரி ரெண்டு பேருக்கும்," என்றான்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குத் துரை வந்தார். சிங்களவர், தமிழ் நன்றாகவே பேசினார். சப்பாத்து பளபளத்தது. பின்னால் கொழுந்துக் கணக்கப்பிள்ளை ராஜலிங்கம், தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. சிந்துஜாவைப் பார்த்ததும், "வணக்கங்க மிஸ்," என்றார். அவளும் "வணக்கங்க," என்றாள். ராஜலிங்கத்துக்குக் கதிரை போட்டு, ஒரு பிளேன்டீயும் கொடுத்தார்கள். ஹில்மி மட்டும் இல்லை. ஜஹானாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போயிருந்தான்.

துரை கண்ணை மூடிக்கொண்டு தாளில் விரலை வைத்தார். மிஷின் மூன்று என்றது. புத்தகத்திலும் மூன்று. மீண்டும் வைத்தார். ஒன்றரை. புத்தகத்திலும் ஒன்றரை. பதினைந்து முறை வைத்தார். பதினாறாவது முறை விரல் இலக்கம் இருநூற்றுப் பதினேழின் மேல் விழுந்தது.

"இது ஏன் பூச்சியம்?"

ராஜலிங்கம் பிளேன்டீக் கோப்பையைத் தட்டில் வைத்தார். ஜனார்த்தனன் ஸ்வெற்றரின் கழுத்தைப் பிடித்தார். சீட்டு வெளியே வந்தது. அதில் ஒரே ஒரு சொல்.

"கவ்வாத்து, சேர்," என்றாள் சிந்துஜா.

துரை ராஜலிங்கத்தைப் பார்த்தார். ராஜலிங்கம் சீட்டைப் பார்த்தார். பிறகு சிந்துஜாவைப் பார்த்தார்.

"கவ்வாத்துதாங்க தொரை," என்றார்.

"ஆ," என்றார் துரை. ஆறு மாதமாக மலை ஏறாத மனிதர். "கவ்வாத்து. ஹரி, ஹரி, சரிதான். எனக்குத் தெரியும். சும்மா டெஸ்ட் பண்ணிப் பாத்தது." பேனாவை எடுத்தார். "இதுதான் நம்ம கணக்கு. விஞ்ஞான முறை. இதுல ஒண்ணும் மாத்தக் கூடாது. நாளைக்கு நான் போனாலும், வேற துரை வந்தாலும், இதே கணக்கு. எழுதிக்குங்க."

எழுதினார்கள். அவர் கீழே கையெழுத்துப் போட்டு, சீலும் குத்தினார். ஜனார்த்தனன் அவரோடு வாகனம் வரைக்கும் போனார். பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக ஸ்வெற்றர் கதிரையில் தொங்கியது.

ராஜலிங்கம் மிச்சத் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்தார். ஸ்ரீதரனால் சும்மா இருக்க முடியவில்லை.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். இந்தக் கணக்க வகுத்தது யாரு? மழை, கிழமை, கவ்வாத்து, ஒண்ணையும் விடல. பெரிய மூளை அண்ணே. நான் இப்படி ஒண்ணு பாத்ததே இல்ல."

"மூளையெல்லாம் இல்லீங்க," என்றார் ராஜலிங்கம். "ஒரு குத்துமதிப்புதாங்க." தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

தன்னடக்கம் என்று ஸ்ரீதரன் நினைத்தான். மேதைகள் இப்படித்தான் பேசுவார்கள் என்று தலையாட்டிக்கொண்டே முதலில் படியிறங்கினான். சிந்துஜா மதியச் சாப்பாட்டுக்குப் போகச் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு கதவடிக்குப் போயிருந்தாள். ராஜலிங்கம் வெளியே இறங்கி, படிக்கட்டில் ஸ்ரீதரனின் காலடிச் சத்தம் அடங்கும்வரை காதுகொடுத்து நின்றார். பிறகு திரும்பினார்.

"அக்காகிட்ட சொல்லு புள்ள," என்றார் சிந்துஜாவிடம், குரலைத் தாழ்த்தி, "ரெண்டாவதுக்கும் அவ மாசமா இருக்குறவரை ஒரு கிராம் கழிக்க மாட்டேன்னு, முன்ன மாதிரி தொரைக்குப் பயந்து ஒளிச்சு எழுதவும் வேணாம், இப்பதான் பட்டனே குடுத்துட்டீங்களே."

அவர் படியிறங்கிப் போனார். சிந்துஜா கதவை இழுத்து, கொஞ்சம் தூக்கி, சாவியைத் திருப்பினாள்.